கண்ணாடிப் பரப்பும் மயிர்க்கோடும்: 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்க ப்ரூஃப் தங்க நாணயங்கள்

அமெரிக்க நாணயச்சாலையின் கணக்கேட்டில் இரண்டு எண்களைப் பார்க்கலாம். 1861-இல் அடிக்கப்பட்ட 20 டாலர் ப்ரூஃப் (புழக்கத்துக்கு அல்லாமல் தனி முறையில் அடித்த) தங்க நாணயங்கள் 66. இன்று கைக்குக் கிடைப்பவை பத்துப் பன்னிரண்டைத் தாண்டாது. 1879 தேதியிட்ட 4 டாலர் மாதிரி நாணயமான ‘ஸ்டெல்லா’ முதலில் 25-க்குள்தான் அடிக்கப்பட்டது. ஆனால் அதே தேதியுடன் 1880-இல் மேலும் சுமார் 400 அடித்தார்கள். முதல் நாணயத்தின் ஏட்டு எண் நிஜத்தைவிட மிகப் பெரியது, இரண்டாவதன் எண் மிகச் சிறியது. இந்தத் துறையில் பணம் போடுகிறவர் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது இதைத்தான்: எத்தனை அடித்தார்கள் என்பது ஆரம்பத் தகவல், அவ்வளவே. எத்தனை மிஞ்சியது, மிஞ்சியதில் எத்தனை நாணயத்தின் மேற்பரப்பை யாரும் கெடுக்காமல் விட்டார்கள் என்பதில்தான் விலை இருக்கிறது.

ப்ரூஃப் என்பது நாணயத்தின் தரநிலையைக் குறிக்கும் பெயர் அல்ல, அது தயாரிப்பு முறையின் பெயர். புழக்கத்துக்கான நாணயம் நிமிடத்துக்குப் பல பத்து என்று நீராவி இயந்திரத்தில் விழும், ஒன்றன்மேல் ஒன்று மோதும், பைக்குள் போகும். ப்ரூஃப் அப்படியில்லை. தேர்ந்தெடுத்த தங்க வில்லையை முன்கூட்டியே மெருகேற்றுவார்கள். அச்சின் சமதளப் பகுதியை நுண்பொடி கொண்டு கண்ணாடிபோல் தேய்ப்பார்கள். வில்லையைக் கையால் ஒவ்வொன்றாக வைத்து, பதக்கம் அடிக்கும் திருகு அழுத்தியில் குறைந்தது இரண்டு முறை அடிப்பார்கள். 1836-இல் ஃபிலடெல்ஃபியாவுக்கு நீராவி அழுத்தி வந்த பிறகும் ப்ரூஃபுக்குப் பழைய முறைதான் தொடர்ந்தது. 1890-களில்தான் ஹைட்ராலிக் அழுத்தி அந்த இடத்தைப் பிடித்தது.

அச்சில் உருவம் குழிவாக இருக்கும். சமதளத்தைத் தேய்க்கும்போது குழிக்குள் மெருகு போகாது. அதனால் அடிபட்ட நாணயத்தில் வெற்றுப் பரப்பு கண்ணாடியாகவும், சுதந்திர தேவியின் முகமும் கழுகும் வெண்பனி படர்ந்ததுபோல் மங்கலாகவும் வரும். இந்த வேறுபாட்டுக்குத்தான் ‘கேமியோ’ என்று பெயர். குழிக்குள் இருக்கும் அந்தச் சொரசொரப்பு ஒவ்வொரு அடியிலும் தேயும். வெள்ளி ப்ரூஃபில் ஒரே அச்சால் நூற்றுக்கணக்கில் அடித்ததால் பின்னால் வந்தவற்றில் பனிப்பூச்சு குறைந்துவிட்டது. தங்கத்தில் ஆண்டுக்கு 20, 30, 50 என்றுதான் அடித்தார்கள். அச்சு தேய்வதற்குள் வேலையே முடிந்துவிடும். தங்க ப்ரூஃபுகளில் ஆழ்ந்த கேமியோ அதிகம் கிடைப்பதற்குக் காரணம் இந்தக் குறைந்த எண்ணிக்கைதான், தனிச் சிரத்தை எதுவுமில்லை. 1902-லிருந்து உருவப் பகுதியையும் சேர்த்து மெருகேற்றத் தொடங்கினார்கள். ஆகவே 1902 முதல் 1907 வரையிலான நாணயங்களில் கேமியோவைத் தேடிப் பயனில்லை. 1908-இல் மணலடித்த மங்கல் பூச்சு வந்ததும் கண்ணாடிப் பரப்பின் காலம் முடிந்தது.

இந்தக் கட்டுரையில் வரும் நாணயப் பெயர்களை ஒருமுறை சொல்லிவிடலாம். 10 டாலர் நாணயம் ‘கழுகு’. அதைவைத்து 5 டாலர் அரைக் கழுகு, 2.50 டாலர் கால் கழுகு, 20 டாலர் இரட்டைக் கழுகு. இவற்றோடு 1849 முதல் 1889 வரை 1 டாலரும், 1854 முதல் 1889 வரை 3 டாலரும் தங்கத்தில் வந்தன. 1837-க்குப் பிறகு எல்லாமே 90 விழுக்காடு தங்கம், 10 விழுக்காடு செம்பு. நம் கணக்கில் 21.6 காரட், 916-க்குக் கொஞ்சம் கீழே. இரட்டைக் கழுகின் எடை 33.436 கிராம், கழுகு 16.718, அரைக் கழுகு 8.359 (ஒரு சவரனைவிடச் சற்றே கூடுதல்), 3 டாலர் 5.015, கால் கழுகு 4.18, 1 டாலர் 1.672.

ஏன் இவ்வளவு குறைவு

தங்கத்தில் ப்ரூஃப் என்று ஆய்வாளர்கள் பொதுவாக ஏற்கும் முதல் நாணயங்கள் 1821-ஐச் சேர்ந்தவை. அந்தக் காலத்து ப்ரூஃபுகள் விற்பனைக்கு அல்ல. அதிகாரிகளுக்கும் வெளிநாட்டு அரசர்களுக்கும் பரிசாகவும், கேட்ட சில நண்பர்களுக்கு உபகாரமாகவும் அடித்தவை. 1834-இல் எட்மண்ட் ராபர்ட்ஸ் என்ற தூதர் வழியாகச் சயாம் மன்னருக்கும் மஸ்கட் சுல்தானுக்கும் அனுப்பத் தயாரித்த தொகுப்புகள் இதில் பிரசித்தம். கழுகு நாணயம் அடிப்பது 1804-லேயே நின்றுபோயிருந்ததால், தொகுப்பு முழுமையாக இருக்க வேண்டும் என்று 1804 தேதியிட்ட கழுகையே 1834-இல் புதிதாக அடித்து வைத்தார்கள். சயாம் தொகுப்பு 1962-இல் மறுபடி வெளியே வந்தது. 2005-இல் 85 லட்சம் டாலருக்குக் கைமாறியது. இந்த வரிசையில் வருகிறவற்றைச் சாதாரணச் சேகரிப்பாளர் கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்று பார்ப்பதோடு சரி.

பொதுமக்கள் எழுதிக் கேட்டு வாங்கும் வழக்கம் 1858-ஐ ஒட்டித் தொடங்கியது. 1859-லிருந்து தங்க ப்ரூஃபுகளின் எண்ணிக்கை ஏட்டில் இருக்கிறது. ஆறு நாணயமும் சேர்ந்த முழுத் தொகுப்பின் முகமதிப்பு 41.50 டாலர். ஒரு நாணயத்துக்கு 25 சென்ட் கூடுதல் கட்டணம் சேர்த்து 43 டாலர். கட்டணம் சில்லறைக்காசுதான், முகமதிப்பே தடை. ஒரு இரட்டைக் கழுகு மட்டுமே சாதாரணத் தொழிலாளியின் சில வாரக் கூலியை விழுங்கும். அதை வாங்கி அலமாரியில் வைத்து அழகு பார்க்க எத்தனை பேருக்கு முடியும்? 1863-இல் வெள்ளி ப்ரூஃப் 460 போனது. தங்கம் 30.

உள்நாட்டுப் போர் இதை இன்னும் இறுக்கியது. 1861 டிசம்பர் கடைசியில் வங்கிகள் காகிதப் பணத்துக்குத் தங்கம் கொடுப்பதை நிறுத்தின. 1864 ஜூலையில் ஒரு தங்க டாலருக்கு 2.85 காகித டாலர் வரை போனது. அந்த விலையில் 41.50 டாலர் தங்கத்தைக் கையில் வைத்திருந்தவரிடம் 118 டாலர் காகிதப் பணம் இருந்ததாகப் பொருள். சேகரிப்பா, லாபமா என்று வந்தபோது பலர் என்ன செய்திருப்பார்கள் என்பதற்குச் சான்று இன்றைய எண்ணிக்கையே. விற்காமல் நாணயச்சாலையில் தங்கியவையும் உருக்கப்பட்டன அல்லது சாதாரணப் பணத்தோடு சேர்த்து வெளியே விடப்பட்டன. 1861-இன் 66 பன்னிரண்டுக்குள் சுருங்கியது இப்படித்தான்.

1933 ஏப்ரலில் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் தங்கத்தை ஒப்படைக்கச் சொன்ன ஆணைதான் இவற்றை அழித்தது என்று பலர் நினைக்கிறார்கள். அந்த ஆணையிலேயே அரிய நாணயங்களுக்கு விலக்கு இருந்தது. ப்ரூஃபுகளின் சேதம் பெரும்பாலும் அதற்கு முன்பே நடந்து முடிந்துவிட்டது.

போருக்குப் பிந்தைய இரட்டைக் கழுகு எண்ணிக்கைகளைப் பாருங்கள். 1865-இல் 25, 1868-இல் 25, 1874-இல் 20, 1875-இல் 20, 1878-இல் 20. இந்த 20-இல் பாதி மிஞ்சியிருந்தாலே நல்ல ஆண்டு என்று சொல்ல வேண்டும். 1880-களில் நிலைமை கொஞ்சம் மாறுகிறது, முக்கியமாக 1 டாலரில். 1884-இல் 1,006, 1889-இல் 1,779 என்று ஏடு சொல்கிறது. சேகரிப்பாளர்கள் திடீரென்று பெருகிவிடவில்லை. சின்னஞ்சிறு தங்கக்காசு நகை செய்யவும் பரிசளிக்கவும் வசதியாக இருந்தது. பல நாணயங்கள் வளையம் வைத்துப் பற்றவைக்கப்பட்டு ஒழிந்தன.

வேறொரு வகையும் உண்டு: புழக்கத்துக்கு அந்த ஆண்டு ஃபிலடெல்ஃபியாவில் ஒன்றுகூட அடிக்காமல் ப்ரூஃப் மட்டும் அடித்தவை. 1863 கால் கழுகு (30), 1875 மூன்று டாலர் (20), 1876 மூன்று டாலர் (45), இரட்டைக் கழுகில் 1883 (92), 1884 (71), 1887 (121). இவற்றுக்குப் போட்டி இரு பக்கத்திலிருந்தும் வரும். ப்ரூஃப் சேர்ப்பவர், ஆண்டுவாரியாகச் சேர்ப்பவர் இருவருக்கும் இதே நாணயம்தான் வேண்டும். விலை ஏற அதுவே போதும்.

ப்ரூஃபா, ப்ரூஃப் மாதிரியா

குறைவாக அடித்த ஆண்டுகளின் புழக்க நாணயமும் கண்ணாடிபோல் மின்னும். புது அச்சு, சில நூறு அடி, அவ்வளவுதான் காரணம். 1882 இரட்டைக் கழுகில் புழக்கத்துக்கு 571, ப்ரூஃப் 59. 1885-இல் 751-க்கு 77. 1880-களின் 1 டாலர், 3 டாலர் நாணயங்களில் இந்தக் குழப்பம் உச்சம். நல்ல கண்ணுள்ளவர்களே தடுமாறுவார்கள்.

மின்னலை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. முதலில் விளிம்பைப் பாருங்கள். இரண்டு முறை அழுத்தி அடித்ததால் ப்ரூஃபின் விளிம்பு கத்தி வெட்டியதுபோல் சதுரமாக நிற்கும், விளிம்புப் பற்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பிரிந்து தெரியும். அடுத்து, எழுத்தும் எண்ணும் பரப்பிலிருந்து எழும் இடம். ப்ரூஃபில் செங்குத்தாக எழும். புழக்க நாணயத்தில் உலோகம் வழிந்ததுபோல் லேசாகச் சரியும். மூன்றாவது, மெருகு எட்டாத மூலைகள்: கேடயத்தின் செங்குத்துக் கோடுகளுக்கு இடையே, எழுத்துகளின் உள்வளைவுக்குள், நட்சத்திரங்களுக்கும் விளிம்புக்கும் நடுவில். அங்கேயும் கண்ணாடி இருந்தால் நம்பிக்கை கூடும். நான்காவது, தங்க ப்ரூஃபுக்கே உரிய ஒரு அடையாளம். விளக்கொளியில் நாணயத்தைச் சாய்க்கும்போது கண்ணாடிப் பரப்பு முழுச் சமதளமாக இல்லாமல் ஆரஞ்சுப் பழத் தோல்போல் மெல்லிய அலையோடு தெரியும். இதைக் குறை என்று நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள். அனுபவமுள்ள வாங்குபவர் அதைத்தான் தேடுகிறார்.

இத்தனைக்கும் மேலே உறுதியான சோதனை அச்சு அடையாளம். 19-ஆம் நூற்றாண்டு முழுவதும் தேதியை ஒவ்வொரு அச்சிலும் தனியாகக் கையால் பதித்தார்கள். ஆகவே அச்சுக்கு அச்சு தேதி ஒரு மயிரிழை மேலே, கீழே, இடப்பக்கம் நகர்ந்திருக்கும். 25 ப்ரூஃபுக்கு முன்பக்க அச்சு பெரும்பாலும் ஒன்றுதான். பின்பக்க அச்சைப் பல ஆண்டுகளுக்குத் தொடர்ந்து பயன்படுத்துவதும் உண்டு. தேதியின் முதல் எண் எந்த விளிம்புப் பல்லுக்கு நேராக நிற்கிறது, கழுத்தின் கீழ்முனையிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது, அச்சைத் தேய்த்தபோது விழுந்த கீறல் எந்த எழுத்துக்குப் பக்கத்தில் ஓடுகிறது என்று குறித்துக்கொண்டு, அதே ஆண்டின் ஐயமற்ற ப்ரூஃப் படத்தோடு ஒப்பிட வேண்டும். தேதி நின்ற இடம் பொருந்தவில்லை என்றால் மற்ற எல்லாம் பொருந்தினாலும் நாணயத்தை மேசையில் திருப்பி வைத்துவிடலாம்.

போலிகளில் இரண்டு வகை முக்கியம். ஒன்று, புழக்க நாணயத்தை மெருகுச் சக்கரத்தில் பிடித்து ப்ரூஃப் ஆக்குவது. சக்கரம் பரப்பையும் உருவத்தையும் பிரித்தறியாது. எழுத்தின் விளிம்புகள் மழுங்கும், நட்சத்திரத்தின் மையக்கோடுகள் கரையும், மெருகு உருவத்தின் மேலேறும். இரண்டாவது, 1883, 1884, 1887 இரட்டைக் கழுகு. இந்த மூன்று ஆண்டுகளிலும் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஏராளமாக அடித்த நாணயம் மலிவாகக் கிடைக்கிறது. அதில் பின்பக்கம் கழுகின் வாலுக்குக் கீழே உள்ள சிறிய ‘எஸ்’ குறியைச் சுரண்டிவிட்டால் ஃபிலடெல்ஃபியா நாணயம். அந்த இடத்தை 10 மடங்கு உருப்பெருக்கியில் பார்த்தால் பரப்பின் இயல்பான ஓட்டம் அறுந்து, சுற்றியுள்ளதைவிட மென்மையான அல்லது குழிந்த ஒரு திட்டு தெரியும்.

எடையும் அடர்த்தியும் எவ்வளவு உதவும்? 90 விழுக்காடு தங்கக் கலவையின் அடர்த்தி 17.2 அளவில். இரட்டைக் கழுகைத் தண்ணீரில் தொங்கவிட்டால் எடை சுமார் 1.94 கிராம் குறைய வேண்டும். செம்பிலோ டங்ஸ்டனிலோ செய்து தங்கப்பூச்சிட்ட மட்டமான போலியை எடை, விட்டம், அடர்த்தி மூன்றும் சேர்ந்து காட்டிக்கொடுக்கலாம். ஆனால் சேகரிப்பாளரைக் குறிவைத்த போலி சரியான தங்கத்திலேயே செய்யப்படுகிறது. தங்கத்தின் விலைக்கும் நாணயத்தின் விலைக்கும் இடையில்தான் அவர்களுக்கு லாபம். நகைக்கடைக் காரட் மீட்டர் 90 என்று காட்டிவிட்டது என்பதால் நாணயம் அசல் ஆகிவிடாது. உரைகல்லைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ப்ரூஃபின் விளிம்பை ஒருமுறை கல்லில் உரைத்தால் அதன் விலையில் பெரும்பகுதி அந்தக் கல்லிலேயே ஒட்டிக்கொள்ளும்.

மயிர்க்கோடு, நூல் தடம், செம்புப் புள்ளி

தங்கம் மென்மையானது, கண்ணாடிப் பரப்பு எதையும் மறைக்காது. 19-ஆம் நூற்றாண்டுச் சேகரிப்பாளர்கள் வெல்வெட் இழுப்பறையில் வைத்து, விருந்தாளி வரும்போதெல்லாம் துணியால் துடைத்துக் காட்டினார்கள். எகிப்து மன்னர் ஃபரூக்கின் சேகரிப்பு 1954-இல் கெய்ரோவில் ஏலம் போனபோது அதிலிருந்த அரிய நாணயங்கள் பலவும் தேய்த்துச் சுத்தம் செய்யப்பட்டவையாக இருந்தன. துடைத்த தடம்தான் மயிர்க்கோடு. ப்ரூஃபின் தரநிலையை, 70 புள்ளி அளவுகோலில், 65-லிருந்து 62-க்கு இறக்குவது பெரும்பாலும் அதுவே.

பார்க்கும் முறை எளிது. அறை விளக்கை அணையுங்கள். ஒரே ஒரு வெண்சுடர் பல்பு அல்லது ஹாலஜன் விளக்கு போதும், 75 வாட் அளவு. குழல்விளக்கு எல்லாவற்றையும் மழுப்பிவிடும். நாணயத்தை விளக்குக்குக் கீழே பிடித்து 5 அல்லது 7 மடங்கு உருப்பெருக்கியில், மெதுவாகச் சாய்த்தபடி ஒரு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். மயிர்க்கோடு ஒரு கோணத்தில் மட்டும்தான் பளிச்சிடும், அடுத்த கணம் மறைந்துவிடும். ஒரே திசையில் இணையாக ஓடும் கோடுகள் துடைத்ததன் அடையாளம். அதே தோற்றத்தில், ஆனால் மேலெழுந்து நிற்கும் கோடுகள் அச்சின் மெருகுக் கீறல்கள். அவை நாணயத்தோடு பிறந்தவை, அவற்றால் குறைவில்லை. நாணயத்தில் பள்ளமா மேடா என்பதைப் பிரித்தறியும் பழக்கம் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. எழுத்தை நோக்கி ஓடும் கோடு எழுத்துக்கு முன்னால் நின்றுவிடுகிறதா, மேலேறிப் போகிறதா என்று பாருங்கள். அச்சுக் கீறல் எழுத்தின் அடியில் நின்றுவிடும். துடைத்த கோடு மேலேறும்.

நூல் தடம் வேறு சங்கதி. அச்சைத் துடைத்த துணியிலிருந்து ஒரு நூலிழை ஒட்டிக்கொண்டு, வில்லைக்கும் அச்சுக்கும் நடுவில் மாட்டி அடிபட்டால், வளைந்த மெல்லிய பள்ளம் ஒன்று நிரந்தரமாகப் பதியும். கீறல் நேராகப் போகும். நூல் தடம் புழுப்போல் நெளியும், அதன் ஓரங்களில் உலோகம் பிதுங்கியிருக்காது. ப்ரூஃபுக்கு இது சகஜம், தரநிலையைப் பெரிதாகக் குறைக்காது. இதன் உண்மையான பயன் வேறு. இரண்டு நாணயத்தில் ஒரே இடத்தில் ஒரே நெளிவில் நூல் தடம் விழ வாய்ப்பே இல்லை. பழைய ஏலப் பட்டியலின் கறுப்பு வெள்ளைப் படத்தில் தேவியின் கன்னத்துக்கு முன்னால் ஒரு கொக்கி வடிவத் தடம் தெரிகிறது, இன்று ஸ்லாப்புக்குள் (தரநிலை நிறுவனம் முத்திரையிட்டு மூடிய பிளாஸ்டிக் உறைக்குள்) இருக்கும் நாணயத்திலும் அதே கொக்கி அதே இடத்தில் இருக்கிறது என்றால் இரண்டும் ஒன்றே. யாரிடமிருந்து யாருக்குப் போனது என்ற பரம்பரையை இப்படித்தான் கட்டுகிறார்கள். 20, 25 என்று மட்டும் அடித்த நாணயங்களில் ஒவ்வொன்றையும் ஆள் அடையாளம்போல் பட்டியலிட்டுவிட முடிகிறது. லூயி எலியாஸ்பர்க் சேகரிப்பின் தங்கம் 1982-லும், ஜான் ஜே பிட்மனுடையது 1997 தொடங்கியும் ஏலத்துக்கு வந்தன. அந்தப் பட்டியல்களின் படத்தோடு பொருந்தும் நாணயத்துக்குக் கூடுதல் விலை கொடுக்க ஆள் உண்டு. பெயருக்காக மட்டும் இல்லை. இத்தனை ஆண்டுகளாக யார் கையில் இருந்தது என்று தெரிந்தால், அண்மையில் யாரும் கைவைத்துக் கெடுக்கவில்லை என்ற ஆறுதலும் சேர்ந்து கிடைக்கிறது.

கலவையில் செம்பு ஒரே சீராகக் கரையாமல் நின்ற இடங்களில் காலப்போக்கில் சிவப்பு, பழுப்புப் புள்ளி எழும். இயற்கையானது, ஆனால் தேவியின் முகத்தில் விழுந்தால் கண்ணை உறுத்தும், விலையும் இறங்கும். அதைச் சுரண்டவோ அமிலத்தில் கரைக்கவோ போனால் புள்ளி போய்ப் பள்ளம் வரும்.

இவை தெரிந்த குறைகள். மறைத்த குறைகள்தான் ஆபத்து. மயிர்க்கோட்டின் மேல் மெல்லிய பசை தடவி மழுப்புவது பழைய தந்திரம். தடவிய அன்று அழகாக இருக்கும். சில மாதங்களில் பசை வெளிறி, கண்ணாடிப் பரப்பில் பால் படர்ந்ததுபோல் மூட்டம் வரும். இன்னொன்று லேசர். கோடு விழுந்த இடத்தை நுண்ணிய அளவில் உருக்கிச் சமப்படுத்துவார்கள். அங்கே மட்டும் ஆரஞ்சுத்தோல் அலை காணாமல் போய், வழவழப்பான திட்டு ஒன்று நிற்கும். அலையைத் தேடச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஸ்லாப்பும் எண்ணிக்கை அறிக்கையும்

இன்று இந்த விலையில் உள்ள நாணயத்தை பிசிஜிஎஸ் அல்லது என்ஜிசி என்ற தரநிலை நிறுவனங்கள் முத்திரையிட்ட ஸ்லாப் இல்லாமல் வாங்குவது வீண் துணிச்சல். இரண்டும் 1980-களின் நடுவில் தொடங்கியவை. 70 புள்ளி அளவுகோலில் மதிப்பிடுகின்றன. 60-க்குக் கீழே போனால் பழுதுற்ற ப்ரூஃப், அதாவது புழக்கத்திலோ சட்டைப்பையிலோ அடிபட்டது. ஆழ்ந்த கேமியோவை ஒரு நிறுவனம் ‘டீப் கேமியோ’ என்றும் மற்றது ‘அல்ட்ரா கேமியோ’ என்றும் எழுதும், அதற்கு ஒருபடி கீழே வெறும் ‘கேமியோ’. 2007-லிருந்து சிஏசி என்ற மூன்றாவது கண்ணும் சேர்ந்துகொண்டது. ஸ்லாப்பில் எழுதிய தரத்துக்கு நாணயம் உண்மையிலேயே தேறுகிறது என்று அவர்கள் நினைத்தால் பச்சை ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். ஸ்லாப்பிலும் போலி உண்டு. சான்று எண்ணை நிறுவனத்தின் தளத்தில் தட்டி, அங்குள்ள படத்தின் நூல் தடமும் புள்ளியும் கையிலுள்ள நாணயத்தோடு பொருந்துகிறதா என்று பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். எண் சரியாக இருப்பது போதாது. நிஜமான எண்ணைத்தான் போலிக்காரர்களும் அச்சிடுகிறார்கள்.

எத்தனை நாணயம் எந்தத் தரத்தில் என்று நிறுவனங்கள் வெளியிடும் அறிக்கையை அப்படியே நம்புவதும் தவறு. 64 கிடைத்த நாணயத்தை உடைத்து எடுத்து மறுபடி அனுப்பினால் 65 கிடைக்குமா என்று வியாபாரிகள் முயல்வார்கள். 64-க்கும் 65-க்கும் இடையில் பல ஆயிரம் டாலர் இருக்கும்போது ஐந்தாறு முறைகூட அனுப்புவார்கள். பழைய ஸ்லாப்பின் தரச் சீட்டை நிறுவனத்திடம் திருப்பிக் கொடுக்காவிட்டால் ஒரே நாணயம் அறிக்கையில் ஐந்து நாணயமாக நிற்கும். லட்சக்கணக்கில் உள்ள காசில் இது பொருட்டில்லை. மொத்தமே எட்டு நாணயம் உள்ள ஆண்டில் அறிக்கை 14 என்று காட்டினால் கணக்கு முழுக்கப் பிசகிவிடும். நிஜ எண்ணிக்கை வேண்டுமென்றால் ஏலப் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நூல் தடங்களைப் பார்த்து, தனித்தனி நாணயங்களை எண்ண வேண்டும். அலுப்பான வேலை, ஆனால் வாங்குமுன் செய்ய வேண்டிய வேலை அதுதான்.

எங்கே தொடங்குவது

ஆண்டுவாரியாக முழுத் தொடர் என்ற ஆசை பெரும் பணக்காரர்களுக்கே கைகூடவில்லை. வகைக்கு ஒன்று என்று சேர்ப்பதுதான் நடக்கிற காரியம். கால் கழுகின் உருவம் 1840 முதல் 1907 வரை மாறவில்லை, ஒரு நாணயம் போதும். 1890-களின் கடைசியில் வந்தவை இதில் அருமையானவை. 1898-இல் 165, 1900-இல் 205 அடித்தார்கள். 1898 நாணயங்களில் ஆழ்ந்த கேமியோ நிறையவே அமைந்திருக்கிறது. அரைக் கழுகிலும் கழுகிலும் 1866-இல் பின்பக்கம் ‘கடவுளை நம்புகிறோம்’ என்ற வாசகம் சேர்ந்தது. ஆகவே இரண்டிரண்டு வகை. இரட்டைக் கழுகில் மூன்று: 1865 வரை வாசகம் இல்லாதது, 1876 வரை மதிப்பு சுருக்கமாக எழுதப்பட்டது, 1877-லிருந்து முழுதாக எழுதப்பட்டது. மூன்றாவது வகை மட்டுமே ஓரளவு கிடைக்கும். 1 டாலரின் மூன்று வகைகளில் முதலிரண்டும் ப்ரூஃபில் ஏறக்குறைய கிடைக்காதவை என்றே வைத்துக்கொள்ளலாம். அவற்றை விட்டுவிட்டால் மிஞ்சுவது பத்து நாணயம். அதிலும் வாசகமில்லாத மூன்று பெரிய நாணயங்களுக்குப் பல ஆண்டு காத்திருக்க வேண்டியிருக்கும்.

இன்னொரு வழி, ஒரே ஆண்டின் தொகுப்பு. 1890-க்குப் பிறகு 1 டாலரும் 3 டாலரும் இல்லாததால் நான்கு நாணயம்தான், முகமதிப்பு 37.50. நான்கும் ஒரே நிறச்சாயலில் அமைந்தால் பார்க்கத் தனி அழகு. முதல் நாணயம் வாங்குகிறவருக்கு 1880-களின் 1 டாலரோ 1890-களின் கால் கழுகோ ஏற்றது. பணம் குறைவு என்பது ஒரு காரணம், ஏலங்களில் அடிக்கடி வருவதால் பத்துப் பதினைந்தை ஒப்பிட்டுக் கண்ணைப் பழக்கலாம் என்பது இன்னொன்று. பிந்தியதுதான் முக்கியம் என்று தோன்றுகிறது. ஸ்டெல்லாவைப் பற்றி ஒரு வார்த்தை: 1879-இன் விரிகூந்தல் வகை பெயருக்கேற்ற அளவுக்கு அரிதானது இல்லை, நானூறுக்கு மேல் அடித்த நாணயம். அதன் விலையைத் தூக்கிப் பிடிப்பது புகழ். 1880-இன் சுருட்டிய கூந்தல் வகை நிஜமாகவே அரிது, 2013-இல் ஒன்று 25 லட்சம் டாலரைத் தாண்டியது. ஸ்டெல்லாவின் முகத்தில் இணைகோடுகள் தெரிந்தால் பதறவேண்டாம். வில்லையைத் தகடாக உருட்டியபோது விழுந்த தடம் அடியில் மறையாமல் நின்றவை அவை, பெரும்பாலான ஸ்டெல்லாக்களில் உண்டு.

ஏலத்தில் கையைத் தூக்குமுன் வாங்குபவர் கட்டணத்தைக் கணக்கில் எடுங்கள். 20 விழுக்காடு அளவில் இருக்கும். 50,000 டாலருக்குக் கேட்டால் கட்டவேண்டியது 60,000. திருப்பி விற்கும்போது வாங்குபவர் அதே கட்டணத்தைக் கழித்துக்கொண்டுதான் கேட்பார். ஆகவே ஓரிரு ஆண்டில் விற்க நினைப்பவருக்கு இது ஏற்ற இடம் இல்லை. படத்தை மட்டும் பார்த்துக் கேட்பதும் ஆபத்து. ப்ரூஃபைப் படமெடுப்பவர் ஒளியைக் கொஞ்சம் திருப்பினாலே மயிர்க்கோடு மறையும், கேமியோ கூடும். ஏலத்துக்கு முந்தைய பார்வை நாளில் நேரில் பார்க்க முடியாவிட்டால், பார்த்துச் சொல்ல ஒருவரை அமர்த்துங்கள்.

வாங்கியபின் செய்ய வேண்டியது மிகக் குறைவு. ஸ்லாப்பைத் திறக்காதீர்கள். நகைக்கடையில் மெருகேற்றக் கொடுப்பது, அல்ட்ராசானிக் தொட்டியில் போடுவது, வெந்நீரும் சோப்பும் எல்லாமே கூடாது. ஸ்லாப் இல்லாத நாணயம் கைக்கு வந்து, மென்மையான பிவிசி உறையில் இருந்த பச்சைப் பிசுக்கு அதில் இருந்தால் சுத்தமான அசிட்டோன் அதைக் கரைக்கும். நகப்பூச்சு நீக்கி அல்ல, அதில் எண்ணெயும் மணமும் சேர்த்திருப்பார்கள். கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி, விளிம்பைப் பிடித்து நாணயத்தை இறக்கி, ஒரு நிமிடம் விட்டு, புது அசிட்டோனில் இன்னொரு முறை அலசி, தேய்க்காமல் காற்றில் உலரவிட வேண்டும். சன்னல் திறந்திருக்கட்டும், அடுப்பு பக்கத்தில் இருக்கக் கூடாது. விலைமதிப்புள்ள ப்ரூஃப் என்றால் இதையும் வீட்டில் செய்யாமல் தரநிலை நிறுவனங்களின் பாதுகாப்புப் பிரிவுக்கு அனுப்பிவிடுவது மேல். ஈரப்பதம் கூடிய ஊரில் லாக்கர் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை வைத்து, நிறம் மாறியதும் மாற்றிவிடுங்கள். தங்கத்துக்கு ஈரம் ஒன்றும் செய்யாது. கலவையில் உள்ள செம்புக்குத்தான் செய்யும்.